‘சரியா தெரியலப்பா’ என்கிறாரா அப்பா? முதலில் எழுத்தைப் பெரிதாக்குங்கள்!

திருச்சி மன்னார்புரத்தில் ஒரு தனியார் அலுவலகம். பெயர் வேண்டாம். ஒரு வேலையாகப் போயிருந்தபோது, கணக்குப் பிரிவில் இருந்த 56 வயதுக்காரர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. முப்பது வருடமாக லெட்ஜர் பார்த்த மனிதர். லேப்டாப் முன்னால் மட்டும் நாற்காலியின் நுனிக்கு வந்து, தாடையை மேலே தூக்கி, கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாக ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் 8 இருக்க வேண்டிய இடத்தில் 3 அடித்துவிட்டார்.

பின்னால் நின்ற இளைஞர் கவனித்துவிட்டார். "விடுங்க சார், நான் போட்டுக்கிறேன்" என்று மவுஸை வாங்கிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "சாருக்கு சிஸ்டம் அவ்வளவா வராது" என்றார். அந்தப் பெரியவர் சொன்னது இவ்வளவுதான்: "தெரியல தம்பி."

இந்தத் ‘தெரியல’ நம் மொழியில் இரண்டு வேலை பார்க்கிற சொல். கண்ணுக்குப் புலப்படவில்லை என்றாலும் தெரியல. விஷயம் புரியவில்லை என்றாலும் தெரியல. அவர் முதல் அர்த்தத்தில் சொன்னார். கேட்டவர் இரண்டாவது அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார். நம் வீடுகளிலும் ஆபீஸ்களிலும் தினம் தினம் இதுதான் நடக்கிறது. எழுத்து தெரியாததை, வேலை தெரியாததாகக் கணக்கு வைத்துவிடுகிறோம்.

இதற்குத் தீர்வு பெரும்பாலும் இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் இருப்பதற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல. கேட்க அவர்களுக்குக் கூச்சம். கவனிக்க நமக்கு நேரமில்லை.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கண்ணில் உள்ள லென்ஸ் இளவயதில் மென்மையாக இருக்கும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போது அது தடித்துக்கொள்ளும். தூரத்தைப் பார்க்கும்போது தட்டையாகும். வயது ஏற ஏற லென்ஸ் இறுகிப்போகிறது. 20 வயதில் ஏறத்தாழ 10 செ.மீ. தூரத்தில் வைத்தாலே எழுத்து தெளிவாகத் தெரியும். 40 வயதில் அது சுமார் 20 செ.மீ. ஆகிறது. 60 வயதில் ஒரு மீட்டரை நெருங்கிவிடுகிறது. பேப்பரைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிறார்களே, அதற்கு இதுதான் காரணம்.

இதற்குத் தமிழில் ‘வெள்ளெழுத்து’ என்று அழகான பெயர் இருக்கிறது. ‘சாளேஸ்வரம்’ என்றும் சொல்வார்கள். இது நோய் அல்ல. தலை நரைப்பது மாதிரி, எல்லோருக்கும் வரும். இந்தக் கட்டுரையைப் போனில் படித்துக்கொண்டிருக்கும் 28 வயதுக்காரருக்கும் இன்னும் பன்னிரண்டு, பதினைந்து வருடத்தில் வரும்.

இன்னொரு மாற்றம் வெளியே தெரியாது. வயதாகும்போது கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சள் பூக்கிறது. அதனால் 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் நிற எழுத்து உங்களுக்கு ‘ஸ்டைலாக’த் தெரியலாம். உங்கள் அப்பாவுக்கு அது காலி இடம்.

கண்ணாடி போட்டும் ஏன் சிரமப்படுகிறார்கள்?

"அதான் கண்ணாடி போட்டிருக்காரே" என்பது அடுத்த கேள்வி. பைஃபோக்கல் கண்ணாடியின் கீழ்ப்பகுதி, புத்தகம் படிக்கும் தூரத்துக்கு, அதாவது 35-40 செ.மீ.க்குத் தயாரானது. மேல்பகுதி தெருவைப் பார்க்க. கம்ப்யூட்டர் திரை இரண்டுக்கும் நடுவில், 50 முதல் 70 செ.மீ. தூரத்தில், கண்ணுக்கு நேராக இருக்கிறது. மேல்பகுதி வழியாகப் பார்த்தால் மங்கல். கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க வேண்டுமென்றால் தாடையைத் தூக்கி, கழுத்தை முன்னால் நீட்ட வேண்டும். சாயங்காலம் ‘கழுத்து பிடிச்சுக்கிச்சு’ என்று தைலம் தேடுவதில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

எனவே கண் பரிசோதனைக்குப் போகும்போது ஒரு சின்ன ஹோம்வொர்க் செய்யுங்கள். வழக்கமாக உட்காரும் நிலையில், கண்ணிலிருந்து திரை வரை டேப் பிடித்து அளந்து, அந்த எண்ணை டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கென்றே பவர் போட்டுத் தருவார்கள். பைஃபோக்கலோடு சமாளிக்க வேண்டியிருந்தால், திரையைக் கொஞ்சம் தாழ்த்தி, லேசாகப் பின்னால் சாய்த்து வையுங்கள். கழுத்துக்கு நிம்மதி.

பிரச்சினை திரையிலும் இருக்கிறது

கண்ணை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. ஒரு கணக்குப் பார்ப்போம். 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள். அதே ஃபுல் எச்டி 14 அங்குல லேப்டாப்பில் வந்தால் சுமார் 157 புள்ளிகள். இரண்டையும் 100 சதவீத அளவில் வைத்தால், லேப்டாப்பில் எழுத்தின் உயரம் பெரிய மானிட்டரில் இருப்பதில் 60 சதவீதத்துக்கும் குறைவு. கம்ப்யூட்டர் மாறியது, எழுத்து கிட்டத்தட்டப் பாதியானது. ஆனால் பெயர் என்னவோ ‘சாருக்கு சிஸ்டம் வராது’!

அந்த 100 சதவீதத்தை வைத்தது யார்? பெரும்பாலும் நம்மை மாதிரி ஆட்கள்தான். ‘ஒரே ஸ்க்ரீன்ல நிறைய தெரியட்டும்’ என்று சிறிதாக்கி வைத்திருப்போம். அந்த லேப்டாப் அப்படியே அடுத்தவர் மேஜைக்குப் போய்விடும்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

விண்டோஸ் 11-ஐ வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றிலும் இதே வசதிகள் வேறு பெயர்களில் இருக்கின்றன.

முதலில், செய்யக் கூடாத ஒன்று. எழுத்தைப் பெரிதாக்க ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள். எழுத்து பெரிதாகும், ஆனால் ஓரங்கள் கசங்கிப் போகும். ஏற்கெனவே மங்கலாகப் பார்க்கும் கண்ணுக்கு இது இரட்டைத் தண்டனை. ‘ரெகமண்டட்’ என்று காட்டும் ரெசல்யூஷனிலேயே விட்டுவிடுங்கள்.

மாற்ற வேண்டியது ‘ஸ்கேல்’. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என்று போனால் கிடைக்கும். 125, 150, 175 என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். எழுத்து, ஐகான், மெனு எல்லாம் சேர்ந்து பெரிதாகும்.

எழுத்து மட்டும் பெரிதானால் போதும் என்றால், செட்டிங்ஸில் ‘ஆக்சஸிபிலிட்டி’ பகுதியில் ‘டெக்ஸ்ட் சைஸ்’. 225 சதவீதம் வரை போகலாம். அதே பகுதியில் மவுஸ் அம்புக்குறியைப் பெரிதாக்கி, நிறத்தையும் மாற்றலாம். ‘அம்பு எங்கே போச்சு’ என்று மவுஸை ஆட்டி ஆட்டித் தேடுகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம். தட்டச்சு செய்யும் இடத்தைக் காட்டும் கோட்டுக்கும் வண்ணக் குறி வைக்கும் வசதி அங்கேயே உண்டு.

பிரவுசரில் கண்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு பிளஸ் தட்டினால் பக்கம் பெரிதாகும்; மைனஸ் தட்டினால் சிறிதாகும்; பூஜ்யம் தட்டினால் பழைய அளவு. எக்செலில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் போதும். இந்த இரண்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொடுங்கள்.

பழைய அலுவலக சாஃப்ட்வேர் சில, ஸ்கேலை ஏற்றினால் மங்கலாகும். அந்த ஐகானில் ரைட் கிளிக் செய்து, புராப்பர்ட்டீஸில் ‘கம்பாட்டிபிலிட்டி’, அதற்குள் ‘ஹை டிபிஐ’ அமைப்பை மாற்றினால் பல நேரம் சரியாகிவிடும். அப்படியும் மசியவில்லையா? விண்டோஸ் பட்டனையும் பிளஸ்ஸையும் சேர்த்து அழுத்துங்கள், உருப்பெருக்கி வரும். விண்டோஸ் பட்டனோடு எஸ்கேப் அழுத்தினால் போய்விடும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். ஒரே கம்ப்யூட்டரை ஒரே லாகினில் மூன்று பேர் மாறி மாறிப் பயன்படுத்தும் இடங்களில், ஒருவர் பெரிதாக்கி வைத்ததை அடுத்தவர் "யாருப்பா இதை இப்படிப் பண்ணது?" என்று திரும்பச் சிறிதாக்கிவிடுவார். ஆளுக்கொரு யூசர் லாகின் போட்டுவிட்டால் அவரவர் அளவு அவரவருக்கு. செலவு எதுவும் இல்லை.

போனில் என்ன செய்யலாம்?

ஆண்ட்ராய்டில் டிஸ்பிளே பகுதியில் எழுத்தின் அளவு தனி, திரையில் உள்ள எல்லாவற்றின் அளவு தனி. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஐபோனில் டிஸ்பிளே பகுதியில் ‘டெக்ஸ்ட் சைஸ்’. இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் ஆக்சஸிபிலிட்டி பகுதியில் ‘லார்ஜர் டெக்ஸ்ட்’. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் ‘சாட்ஸ்’ என்ற இடத்தில் தனியாக ஓர் எழுத்து அளவு இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள்.

மாற்றிய பிறகு, பணம் அனுப்பும் ஆப்பையும் பேங்க் ஆப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள். சில ஆப்களில் பெரிய எழுத்து பட்டனை மறைத்துவிடும். 500-க்கும் 5,000-க்கும் நடுவில் இருக்கிற ஒரு பூஜ்யம் கண்ணுக்குத் தெரிகிறதா என்பது, தெரியாமல் போய்ப் பணம் போன பிறகு பார்க்க வேண்டிய விஷயம் அல்ல.

தமிழ் எழுத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும்

ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது. ‘ன’வுக்கு இரண்டு சுழி, ‘ண’வுக்கு மூன்று. ‘ஒற்றைக்கொம்பு’க்கும் ‘இரட்டைக்கொம்பு’க்கும் வித்தியாசம் ஒரு சின்னச் சுழி. மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி, சிறிய அளவில் திரைத் தூசி மாதிரி ஆகிவிடும். ‘மனம்’ ‘மணம்’ ஆவதும், ஒருவர் பெயரில் சுழி ஒன்று கூடுவதும் இப்படித்தான். சான்றிதழில் அப்படி ஒரு சுழி மாறினால், திருத்தம் செய்ய எத்தனை தடவை அலைய வேண்டும் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.

1978-ல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு ஏற்றபோது ணை, லை, னை போன்றவற்றின் வடிவமே மாறியது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிதாக இருக்கட்டும் என்று எழுத்தின் வடிவத்தையே மாற்றிக்கொண்டவர்கள் நாம். கண்ணுக்கு எளிதாக இருக்கட்டும் என்று அளவை மாற்ற ஏன் தயங்க வேண்டும்?

டார்க் மோட், நீலக் கண்ணாடி: உண்மை என்ன?

‘டார்க் மோட் போட்டா கண்ணுக்கு நல்லது’ என்று எல்லோரும் சொல்கிறோம். 2013-ல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் இளைஞர்களையும் முதியவர்களையும் வைத்துச் சோதித்தபோது, வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்தைத்தான் இரு தரப்பினரும் நன்றாகப் படித்தார்கள். அதே நேரம், கண்புரை உள்ள சிலருக்கு வெள்ளைத் திரை கூசும். அவர்களுக்கு டார்க் மோட் உதவும். எனவே இரண்டையும் காட்டி, அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி? 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2023-ம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, திரை பார்ப்பதால் வரும் கண் சோர்வை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. அந்தக் காசைக் கம்ப்யூட்டர் தூரத்துக்கான பவர் கண்ணாடிக்குச் செலவழிக்கலாம்.

திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைகிறது. கண் காய்ந்து எரியும். திருச்சி வெயிலுக்கு ஃபேனை ஐந்தில் வைத்து முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டால் இன்னும் மோசம். ஃபேன் காற்று கண்ணில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அந்த வெளிச்சம் திரையில் பட்டுத் தெறிக்கும். மேஜையைப் பக்கவாட்டில் திருப்பிப் போடுங்கள்.

எழுத்தைப் பெரிதாக்கக் கூடாத நேரமும் உண்டு

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். செட்டிங்ஸ் என்பது வெள்ளெழுத்துக்கு உதவி. நோய்க்கு மருந்து அல்ல. ஒரு கண்ணை மூடினால் மற்றக் கண்ணில் மட்டும் மங்கல், நேர்க்கோடு வளைந்து தெரிவது, விளக்கைச் சுற்றி வட்டம், திடீரென்று மின்னல் வெட்டு மாதிரி வெளிச்சம், கறுப்புப் புள்ளிகள் மிதப்பது, பார்வையில் ஓரம் மறைவது. இதில் எது இருந்தாலும் உடனே கண் டாக்டரிடம் போங்கள். கண்புரைக்கு அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் கண் அழுத்த நோயிலும் சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பிலும் இழந்த பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. இரண்டும் தொடக்கத்தில் வலிக்காது. அதுதான் ஆபத்து.

40 வயதைத் தாண்டியவர்கள், முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்கள், வருடம் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்வது நல்லது. திருச்சிக்காரர்களுக்கு இதில் சாக்குச் சொல்ல வழியில்லை. புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. மேலப்புதூரில் 1934-ல் தொடங்கிய ஜோசப் கண் மருத்துவமனை இருக்கிறது. இரண்டுமே மன்னார்புரத்திலிருந்து ஒரு டவுன் பஸ் தூரம்தான்.

இது அவரவர் தனிப்பட்ட விஷயமா?

இல்லை என்பதுதான் என் வாதம். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆனது. 2021-ல் 60 ஆனது. அதே காலத்தில் ஃபைல்கள் மேஜையிலிருந்து திரைக்கு நகர்ந்துகொண்டிருக்கின்றன. வேலை பார்க்கும் வருடங்களைக் கூட்டிவிட்டு, படிக்கும் எழுத்தைச் சிறிதாக்கிவிட்டோம். பிறகு ‘பெரியவங்க ஸ்லோ’ என்கிறோம்.

அது திறமைக் குறைவு இல்லை என்பதற்கு அசாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு நல்ல சாட்சி. 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்கள் 751 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் கிட்டத்தில் பார்ப்பதற்கான சாதாரணக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால், கிடைத்தவர்கள் பறித்த இலையின் அளவு 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான முடிவு இது. புதிய பயிற்சி இல்லை, புதிய ஆள் இல்லை. கண்ணுக்குத் தெரிந்தது, கை வேலை செய்தது.

உலகத் தரத்தில் ஒரு வலைதள விதி இருக்கிறது: எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் பக்கம் உடையக் கூடாது, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லியிருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் அமிலவீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் தொடர்ந்த வழக்குகளில் வந்த தீர்ப்பு அது. ஐடியில் வேலை செய்பவர் நீங்கள் என்றால், அடுத்த ஆப்பை வெளியிடும் முன் உங்கள் போனில் எழுத்தை உச்ச அளவுக்கு வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஹெச்ஆரில் இருந்தால், புது கம்ப்யூட்டர் கொடுக்கும் நாளிலேயே "எழுத்து அளவு சரியா இருக்கா?" என்று எல்லோரிடமும் கேட்கும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். எல்லோரிடமும் கேட்டால் யாருக்கும் கூச்சம் இருக்காது.

மவுஸைப் பிடுங்காதீர்கள்

கடைசியாக ஒன்று. "குடுங்க, நான் பண்ணித் தர்றேன்" என்று போனை வாங்கிக் கரண்ட் பில் கட்டிக்கொடுப்பது பாசம்தான். ஆனால் மாசா மாசம் அதைச் செய்தால், அவர்கள் கையில் இருந்த ஒரு வேலையை நாம் எடுத்துக்கொண்டோம் என்று அர்த்தம். பிறகு பேங்க் கணக்கு, பிறகு மருந்து ஆர்டர், பிறகு டிக்கெட். ஒரு நாள் "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா, நீயே பாத்துக்க" என்பார்கள். அப்போது அது உண்மையிலேயே இரண்டாவது அர்த்தத்துத் ‘தெரியல’ ஆகியிருக்கும்.

அந்த மன்னார்புரம் அலுவலகத்தில், கிளம்பும் முன் அவரிடம் அனுமதி கேட்டு ஸ்கேலை 100-லிருந்து 150-க்கு மாற்றிக் காட்டினேன். "கொஞ்சம் குறைக்கலாமா?" என்றார். 125 வைத்தோம். "இல்ல, அதே இருக்கட்டும்" என்றார். நாற்காலியில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த 3-ஐ அவரே கண்டுபிடித்து 8 ஆக்கினார்.